சிரிப்பின் வலுவும் வரம்பும்: ஸ்ரீநிவாசனின் திரைப்பணி பற்றிய ஒரு நோக்கு

மலையாளத் திரைப்படத்துறையில் 1976 தொடக்கம் நடிகராகவும் 1984 தொடக்கம் திரைக்கதாசிரியராகவும் இயங்கிய ஸ்ரீநிவாசனின் ஆக்கங்கள் பெரும்பாலும் நகைச்சுவை என்னும் வகைப்பாட்டுள் அடக்கப்பட்டு விடுகின்றன. ரசிகர் அவற்றை வசனங்களாக நினைவு கூருகின்றனர். இடதுசாரி விமரிசகர் சிலரோ அவற்றை அரசியல் மறுப்பு வாதமெனச் சாடியுள்ளனர். இவ்விரு நோக்குகளும் அவ்வாக்கங்களின் உள்முரண்பாட்டை விளக்கப் போதியனவல்ல. நடிகர் என்ற முறையில் அவருக்குக் கிடைத்த இடத்துக்கும், எழுத்தாளர் என்ற முறையில் அவர் தெரிந்தெடுத்த பொருளுக்கும் உள்ள தொடர்பை நோக்குவதன் மூலமே அவரது சாதனையையும் அதன் வரம்பையும் ஒருங்கே மதிப்பிடலாம் என்பது எமது கருத்தாகும்.

1956இல், பொதுவுடைமை இயக்கம் ஆழ வேரூன்றிய வட கேரளத்தில், தலைச்சேரிக்கு அண்மையிலுள்ள பாட்டியத்தில் பிறந்தவர் ஸ்ரீநிவாசன். சென்னையில் நடிப்புப் பயிற்சி பெற்ற பின்னர் பி. ஏ. பக்கரின் ‘மணிமுழக்கம்’ (1976), ‘சங்ககானம்’ (1979) ஆகிய படங்களில் நடித்தார். குள்ளமான உருவமும் கறுத்த நிறமும் கொண்ட அவருக்கு வணிகத் திரைப்படத்தின் கதாநாயக இலக்கணத்தில் இடமிருக்கவில்லை. ஜி. அரவிந்தனின் ‘சிதம்பரம்’ (1985) படத்தில் மலைநாட்டு மாட்டுப்பண்ணையில் வேலைசெய்யும் முனியாண்டி என்ற தமிழ்த் தொழிலாளியாக அவர் தோன்றினார். தமிழ்நாட்டுக் கிராமமொன்றிலிருந்து அவன் மணமுடித்து அழைத்துவரும் பெண்ணுக்கும் பண்ணையின் மேலாளருக்கும் உறவு ஏற்பட, முனியாண்டி உயிரை மாய்த்துக்கொள்கிறான். அதன் பின்னர் படம் மேலாளரின் குற்றவுணர்வையே பின்தொடர்கிறது. உயர்ந்த கலைப்படத்திலுங்கூட முனியாண்டிகள் இடைவழியில் மறைந்துவிடுகின்றனர் என்பது மனங்கொளத்தக்கது.

ஸ்ரீநிவாசனின் திரைக்கதைகள் இவ்வாறு மறைபவனையே நடுவில் நிறுத்தின. சத்யன் அந்திக்காட்டின் இயக்கத்தில் வெளிவந்த ‘நாடோடிக்காற்று’ (1987) இதற்குத் தக்க சான்றாகும். வேலை கிடையாத பட்டதாரியும் அவன் நண்பனும் வளைகுடா நாட்டுக்கெனப் படகேறிச் சென்னைக் கடற்கரையில் இறக்கிவிடப்படுகின்றனர். எண்ணெய்ப் பணத்தை நம்பியிருந்த ஒரு சமூகத்தின் கனவும் ஏமாற்றமும் இந்த ஒரு நிகழ்ச்சியில் திரண்டு நிற்கின்றன. படத்தின் பிற்பகுதி குற்றக் கும்பல் பற்றிய கேலிக்கூத்தாக நெகிழ்ந்துவிடினும், வேலையின்மையை விதியாகவன்றிச் சமூக நிலைமையாகக் கண்டமை அதன் சிறப்பாகும்.

தாமே எழுதி, இயக்கி, நடித்த இரு படங்களில் அவரது கலை முதிர்ச்சியுறுகிறது. ‘வடக்குநோக்கியந்திரம்’ (1989) படத்தின் தினேசன் அச்சகமொன்றின் உரிமையாளன். தன் நிறமும் தோற்றமும் பற்றிய தாழ்வுணர்ச்சியால் அழகிய மனைவியைச் சந்தேகித்துச் சித்தங் கலங்குகிறான். சிகிச்சை பெற்று வீடு திரும்பிய பின்னரும் இரவில் ஓசை கேட்டதும் டோர்ச் விளக்கோடு எழுந்து புறப்படுகிறான். எளிய தீர்வை மறுக்கும் இம்முடிவு யதார்த்தத்தின் பாற்பட்டது. குமாரன் ஆசானின் காவியத் தலைப்பை நினைவூட்டும் ‘சிந்தாவிஷ்டயாய சியாமளா’ (1998), பொறுப்பைத் துறந்து ஆன்மிகத்தில் ஒளிந்துகொள்ளும் கணவனையும் தன் உழைப்பால் நிமிரும் மனைவியையும் எதிரெதிரே நிறுத்துகிறது. இவ்விரண்டிலும் நகைப்புக்கு இலக்காவது எழுதியவரே ஏற்று நடித்த ஆண். சிரிப்பு உள்நோக்கித் திரும்புகையில் அது ஆய்வாகிறது.

அது அமைப்புகளை நோக்கித் திரும்பும்போது நிலைமை வேறாகின்றது. ‘வரவேல்ப்பு’ (1989), வளைகுடாவிலிருந்து மீண்டு பேருந்து வாங்கியவன் தொழிற்சங்கத்தால் அழிவதைக் கூறுகிறது. தம் தந்தையாரின் அனுபவமே இதற்கு மூலம் என ஸ்ரீநிவாசன் குறிப்பிட்டுள்ளார். அனுபவத்தின் உண்மையை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அச்சங்கம் எந்த வரலாற்றுத் தேவையிற் பிறந்தது என்ற வினா படத்தில் எழுவதேயில்லை. 2003இல் கொச்சியில் நடைபெற்ற முதலீட்டாளர் மாநாட்டில் அன்றைய பிரதமர் வாஜ்பாய் இப்படத்தை எடுத்துக்காட்டியமை, வரலாறு நீக்கப்பட்ட அனுபவம் யாருக்குப் பயன்படும் என்பதைத் தெளிவுறுத்துகிறது.

‘சந்தேசம்’ (1991) இன்னும் சிக்கலானது. தேர்தல் தோல்விக்கான காரணத்தைக் கட்சித் தத்துவாசிரியர் விளங்காத கலைச்சொற்களில் விளக்க, எளிய தொண்டனொருவன் நேரடியாகக் கூறும்படி வேண்டுகிறான். இக்காட்சி மக்களிடமிருந்து விலகிய மொழியைச் சுடுகிறது. அச்சூடு விமரிசகரையும் தீண்டவேண்டும். ஆனால் இரு கட்சிகளையும் ஒரே தராசில் இட்டு, மைந்தரைத் தொழிலுக்கும் குடும்பத்துக்கும் திருப்பியனுப்பும் முடிவு, நோயைக் கண்டவர் நோயாளியையே கைவிட்டமைக்கு ஒப்பாகும். மத்தியதர வர்க்கத்தின் களைப்பு இங்கே நீதியாக உயர்த்தப்படுகிறது.

நட்சத்திர வழிபாடு பற்றிய அவரது நோக்கும் இத்தொடர்பிற் கருதத்தக்கது. ‘கத பறயும்போள்’ (2007) வறிய நாவிதனொருவனின் கதை. அவனது பழைய நண்பனான நட்சத்திரம் இறுதியிலேயே பெரிதும் வெளிப்படுகிறான். தமிழில் ரஜினிகாந்த் நடித்த ‘குசேலன்’ (2008) ஆக அது மாறியபோது நட்சத்திரத்தின் இடம் விரிந்தது; நாவிதன் பின்தள்ளப்பட்டான். முனியாண்டிக்கு நேர்ந்ததே, வேறொரு காரணத்தால், இவனுக்கும் நேர்ந்தது.

எனவே ஸ்ரீநிவாசனை முற்றாக ஏற்பதோ முற்றாக ஒதுக்குவதோ பொருந்தாது. சாமானியனின் அச்சம், பொய், கையாலாகாமை ஆகியவற்றை இரக்கத்தோடும் இரக்கமின்றியும் வெகுசனத் திரைக்குக் கொணர்ந்தமை அவரது நிலைத்த பங்களிப்பாகும். அச்சாமானியன் பிறரோடு இணைந்து தன் நிலையை மாற்றலாம் என்ற நம்பிக்கை அவரது திரைக்கதைகளில் வலுப்பெறவில்லை. அந்நம்பிக்கையை மக்களுக்கு விளங்கும் மொழியில், அவர்களைச் சிரிக்கவைக்கும் ஆற்றலோடு கூறவல்ல கலையை ஆக்குவது முற்போக்காளரின் கடமையாகும்; ‘சந்தேச’த்தின் தொண்டன் கேட்ட வினாவுக்குரிய விடையும் அதுவே.