ஈரத் தட்டும் எங்கள் ஊர்த் தண்ணியும்

கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் கிளிநொச்சியில் அக்ரிலிக் பெயின்ற் அடிக்க உட்காருகிறவருக்கு இரண்டே வழிதான். ஃபானைப் போட்டால் பெயின்ற் காயும். நிறுத்தினால் நெற்றி வியர்வை மினி என்கிற குட்டிப் பொம்மையின் தலையில் சொட்டும். வைகாசி தொடங்கிப் புரட்டாசி வரை இதுதான் கதை.

28 மில்லிமீற்றர் அளவில் வார்த்த விண்வெளிச் சிப்பாயின் தலைக்கவசத்தில் கண் வில்லை ஒரு மில்லிமீற்றரும் இராது. சிவப்பைத் தொட்டு, மூச்சை அடக்கி, முழங்கை இரண்டையும் மேசையில் ஊன்றி, தூரிகை நுனியை அந்த இடத்துக்குக் கொண்டுபோவதற்குள் நுனியில் இருப்பது பெயின்ற் அல்ல, றப்பர்த் தோல். அதை வைத்தால் வில்லை வராது, கட்டிதான் வரும். பிறகு ஈர்க்கு நுனியால் சுரண்டு, கறுப்பை மறுபடி அடி, காயவிடு, முதலில் இருந்து தொடங்கு.

இந்தத் தொல்லைக்குத்தான் ஈரத் தட்டு. கோயில் திருவிழாவுக்கு லண்டனிலிருந்து வந்த மச்சான் பயணப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்து தந்தார். ஒரு மாரியும் ஒரு கச்சானும் இதோடு வாழ்ந்து பார்த்தாயிற்று. எந்தக் கம்பனியின் தட்டு என்பது பெரிய விஷயமில்லை. விலை எதுவாக இருந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான்: இறுக்கமாக மூடுகிற தட்டைப் பெட்டி, அதன் அடியில் மெல்லிய பஞ்சு, பஞ்சின் மேல் ஒரு தாள். பஞ்சைத் தண்ணியில் ஊறவைத்துத் தாளை விரித்து, தாளின் மேல் பெயின்றைச் சொட்ட வேண்டும். நீள அகலமெல்லாம் பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறது.

அக்ரிலிக் என்பது தண்ணியில் மிதக்கும் நுண்ணிய பிளாஸ்ரிக் துகள். தண்ணி பறந்ததும் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் படலமாகிவிடும். பிறகு எவ்வளவு தண்ணி விட்டாலும் கரையாது. பள்ளிக்கூடத்து வாட்டர் கலர் கட்டி மாதிரி நனைத்து எடுக்கலாம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். ஈரத் தட்டில் மேலே ஆவியாகிற தண்ணிக்குப் பதிலாகக் கீழிருந்து தாள் வழியே தண்ணி ஊறி வந்துகொண்டே இருக்கும். அவ்வளவுதான் சூட்சுமம், மின்சாரமும் இல்லை, இயந்திரமும் இல்லை.

முதல் நாளே ஃபானை முழு வேகத்தில் விட்டேன். பெயின்ற் அசையவில்லை. கடும் பச்சைக்கும் மஞ்சளுக்கும் நடுவே நாலைந்து இடைநிறங்களைக் கலந்து வரிசையாக வைத்து, மினியின் தோலில் நிழலிலிருந்து வெளிச்சம் வரை ஆறுதலாக ஏறிப்போக முடிந்தது. முன்பெல்லாம் இரண்டாம் நிறத்துக்குப் போகும்போதே முதலாவது செத்துப்போயிருக்கும். மூடிவைத்துப் படுத்து, மறுநாள் வேலை முடிந்து வந்து திறந்தால் முந்திய இரவு கலந்த அதே மண்ணிறம் அப்படியே இருந்தது. கலந்த நிறம் தீர்ந்துபோனால் அதே நிறத்தை இன்னொருமுறை கலப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும்.

நான் அப்போது அடித்துக்கொண்டிருந்தது ஓர்க் கூட்டத்தின் வண்டி ஒன்று. வார்ஹாமர் 40,000 விளையாட்டில் ஓர்க் என்ற பச்சைத் தோல் கூட்டம் கண்ட இரும்பை எல்லாம் பொறுக்கி வண்டி கட்டும். பெட்டிக்குள் வந்த வண்டியை அப்படியே ஒட்ட எனக்கு மனம் வரவில்லை. முன்பக்கத்தை அறுத்து, இரண்டு பெரிய சில்லும் நீளக் கைபிடியுமாக லாண்ட் மாஸ்டர் கை உழவு இயந்திரம் ஆக்கினேன். கைபிடிக்குப் போல்பொயின்ற் பேனாவின் குச்சி, புகைக்குழாய்க்குச் சேலைன் ஏற்றும் ட்யூபின் துண்டு, கியருக்குப் பழுதான டிவிடி பிளேயரின் பல்சக்கரம், இடைவெளி அடைக்க ஹாட்வெயர் கடை எபொக்சி பட்டி. சில்லில் ஒட்டியிருக்கும் புழுதிக்குப் பெயின்ற்றே தேவையில்லை. வீட்டு வாசல் கிரவலைச் சீலைத் துணியில் அரித்து, பைண்டர் கம்மில் தண்ணி கலந்து தடவி, மேலே தூவிவிட்டால் போதும். ஐரோப்பாவில் இதைச் சின்னப் போத்தலில் அடைத்துக் காசுக்கு விற்கிறார்கள்.

ஒன்றை வெட்டி இன்னொன்றாக்குவதை வன்னிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் இரண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டின ஊர். சைக்கிளைக் கவிழ்த்துவைத்து மிதித்து டைனமோவில் ரேடியோ கேட்ட ஊர். இந்த வழியில் வெகுதூரம் போன ஒன்றும் இருக்கிறது. 1991 ஆடி மாதத்து ஆனையிறவுச் சமரில் புலிகள் இரும்புத் தகடு போர்த்திக் கொண்டுவந்த புல்டோசர், அதைத் தடுத்து உயிர்விட்ட இராணுவ வீரரின் நினைவிடத்தில் ஏ9 வீதியோரம் இன்னும் நிற்கிறது. யாழ்ப்பாண பஸ்ஸில் போகும்போதெல்லாம் கண்ணில் படும். ஓர்க் வண்டி கட்டுகிற எவனுக்கும் அந்த வடிவம் பழக்கமானதுதான். ஆனால் அதைப் பார்த்துப் பொம்மை செய்ய என்னால் முடியாது. எனக்கு லாண்ட் மாஸ்டர் போதும்.

வார்ஹாமர் கம்பனிக்காரரும் ஒருகாலம் இப்படித்தான் இருந்தார்கள். நொட்டிங்ஹாமின் கேம்ஸ் வேர்க்‌ஷொப் 1987இல் இந்த விளையாட்டை வெளியிட்ட தொடக்க நாட்களில், தீர்ந்துபோன டியோடரண்ட் குப்பியை வைத்து மிதக்கும் போர்த்தாங்கி செய்கிற முறையை அவர்களே சொல்லிக்கொடுத்தார்கள். அதே கம்பனி 2024 டிசெம்பரில் லண்டன் பங்குச் சந்தையின் முதல் நூறு கம்பனிகளின் பட்டியலில் ஏறிவிட்டது. இப்போது அவர்களுடைய கடை மேசையில் விளையாடுவதற்கு அவர்களுடைய பிளாஸ்ரிக்தான் வேண்டும். என் லாண்ட் மாஸ்டரை உள்ளே விடுவார்களோ தெரியாது. கிளிநொச்சியில் அவர்களுக்குக் கடை இல்லாதது ஒருவகையில் நல்லதுதான்.

தட்டின் உண்மையான சோதனை பெயின்ற்றில் இல்லை, தண்ணியில் இருக்கிறது. தட்டோடு வந்த செய்முறைத் தாளில் ‘தண்ணி ஊற்றவும்’ என்பதோடு விஷயம் முடிந்துவிடுகிறது. குழாயைத் திறந்தால் மென்னீர் வருகிற ஊர்க்காரர் எழுதின வாக்கியம் அது. வன்னியில் எந்தத் தண்ணி என்று கேட்காமல் எதையும் ஊற்ற முடியாது. குடிக்க ஒன்று, குளிக்க ஒன்று, தேத்தண்ணிக்கு இன்னொன்று என்று வாழ்கிறோம். சிறுநீரக நோய்ப் பயத்தால் வவுனியாவில் பல ஊர்களில் ஆர்.ஓ. இயந்திரத்தில் சுத்திகரித்த தண்ணிக்குக் கானோடு போய் நிற்கிறார்கள்.

எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணி வன்னீர். கேத்தலின் அடியில் வெள்ளைச் செதில் பிடிக்கும், கொஞ்ச நாளைக்கு ஒருக்கால் தேசிக்காய்ப் புளி விட்டுக் கொதிக்கவைத்துத்தான் கழற்ற வேண்டும். அதே செதில் பஞ்சின் ஓரத்தில் வரத்தொடங்கியது. யோசித்துப் பார்த்தால் வேறெப்படியும் நடக்காது. தண்ணி பறக்கிறது, அதிலிருக்கிற கல்சியம் பறப்பதில்லை. குறைகிற தண்ணிக்கு நாம் மறுபடி மறுபடி ஊற்ற, உப்பு மட்டும் தட்டுக்குள் ஏறிக்கொண்டே போகிறது. தாளின் விளிம்பில் முதலில் வெள்ளைக் கோடு. பிறகு தாள் மொரமொரப்பாகி, நீர் ஊறுவது மந்தமாகும். கடைசியில் அது பெயின்றுக்குள்ளும் வரும். மற்ற நிறங்களில் கண்ணுக்குத் தெரியாது. கறுப்பில்தான் தெரியும். மினுக்கமில்லாத கறுப்புக் கவசம் காய்ந்த பிறகு, கோலமா தூவின மாதிரி ஒரு சாம்பல் பூத்திருந்தது. விரலால் துடைத்தால் போய், திரும்ப வந்தது. மேலே வார்னிஷ் அடித்தால் அது உள்ளேயே அகப்பட்டுவிடும்.

ஆர்.ஓ. தண்ணி எவ்வளவோ மேல். மாரியில் பிடித்துவைத்த மழைத் தண்ணி அதைவிட நல்லது, ஆனால் ஓட்டுக் கூரைத் தண்ணியில் பாசியும் தூசும் வரும். வெட்டவெளியில் வாளி வைத்துப் பிடித்தால்தான் சரி. எனக்குக் கடைசியில் கைகொடுத்தது கராச்சில் விற்கிற பற்றரித் தண்ணி. காரின் பற்றரிக்குள் விடுகிற வடிநீர், உப்பே கிடையாது. ஒரு போத்தல் வாங்கினால் பல மாதங்களுக்குக் காணும். பக்கத்திலேயே பற்றரி அசிட்டும் அதேமாதிரிப் போத்தலில் இருக்கும். லேபிளை வாசித்து, கடைக்காரரிடமும் ஒருதரம் கேட்டுவிட்டு வாங்குங்கள். தண்ணிக் கணக்கு சரியானபின் என் கறுப்பு கறுப்பாகவே இருக்கிறது.

மாரியில் பிரச்சினை தலைகீழாகிறது. வாடைக்காற்றோடு ஐப்பசி மழை பிடித்துவிட்டால் பெயின்ற் காய்வதில்லை. தாளில் தண்ணி கூடி நிறம் ஓடிவிடும், பஞ்சை அரைவாசி பிழிந்துவிட வேண்டும். மூடிவைத்த பெட்டிக்குள் கறுப்புப் பூஞ்சணம் பிடிக்கும், திறந்தவுடன் புளித்த மா மணம் முகத்தில் அடிக்கும். வயரிங் வேலையில் மிஞ்சின செம்புக் கம்பியின் தோலை உரித்து, வளையமாகச் சுற்றிப் பஞ்சுக்கடியில் போட்டால் பூஞ்சணம் மட்டுப்படும். செம்புக்கு அந்தக் குணம் உண்டு. ஆனாலும் கிழமைக்கு ஒருமுறை பஞ்சை வெந்நீரில் அலசி வெயிலில் போடுவதைத் தவிர்க்க வழியில்லை. விளம்பரத்தில் இந்த வேலையைப் பற்றி ஒருவரும் மூச்சு விடுவதில்லை.

எல்லா நிறமும் இதில் நிற்காது. வெள்ளி, பித்தளை நிறங்களை வைத்தால் மினுக்கத் துகள் பிரிந்து தாள் முழுக்கப் பரவும். அடுத்த நாள் பச்சைத் தோல் ஓர்க்கின் மூக்கில் நட்சத்திரம் மின்னும். நிழல் விழுத்துகிற நீர்த்த வாஷும், 2019இல் வந்த கொன்ட்ராஸ்ட் வகையும் தாளில் ஓடிவிடும். அவற்றுக்கு உடைந்த மாபிள் துண்டுதான் சரி. முதற்பூச்சு ஸ்பிரேக்கும் தட்டுக்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவைக்கிறேன்: கச்சானில் மத்தியானம் ஸ்பிரே அடிக்காதீர்கள். காற்றிலேயே காய்ந்து, மினி முழுக்க மணல் ஒட்டின மாதிரி ஆகிவிடும். விடியற்காலை அடியுங்கள்.

தட்டோடு தந்த தாள்கள் தீர்ந்ததும் கம்பனி புதுக் கட்டை விற்கப் பார்க்கும். அது வேண்டாம். ஃபூட் சிட்டியில் கேக் செய்கிறவர்கள் வாங்குகிற பேக்கிங் பேப்பர் சுருளை வெட்டிப் போட்டால் அதே வேலையைச் செய்கிறது. மெழுகு பூசின தாளை எடுத்துவிடாதீர்கள், அதில் தண்ணி ஏறாது. பஞ்சுக்குப் பாத்திரம் கழுவுகிற தட்டைப் பஞ்சு போதும். இவ்வளவும் சொன்னபிறகு பெட்டிக்கு மட்டும் ஏன் வெளிநாட்டுக் காசு கொடுக்க வேண்டும் என்று நீங்கள் கேட்டால், நியாயமான கேள்வி. இறுக்கமாக மூடுகிற சாப்பாட்டுப் பெட்டி ஒன்று இந்த வேலையின் பெரும்பகுதியைச் செய்யும். வாங்கின தட்டில் மூடியின் றப்பர் விளிம்பு நல்லது, பஞ்சு சமதளமாக நிற்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆகவே லண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ ஆள் வரும்போது தட்டுக் கேட்டுப் பெட்டிக்குள் இடத்தை வீணாக்காதீர்கள். வயெஹோவின் சொட்டுப் போத்தல்களைக் கேளுங்கள். அந்த ஸ்பானியக் கம்பனியின் போத்தலில் மூடியைத் திறந்து தூரிகையை விடத் தேவையில்லை, வேண்டிய சொட்டு மட்டும் வரும், மிச்சம் காற்றுப் படாமல் வருசக்கணக்கில் இருக்கும். ஸ்பிரே கேட்டுவிடாதீர்கள், விமானத்தில் ஏற்றவிடமாட்டார்கள். கறுப்பும் வெள்ளையும் இரண்டிரண்டாகச் சொல்லிவிடுங்கள், முதலில் முடிவது அவைதான்.