பிளேட்லெட் இறங்கினால் டெங்கி மட்டும்தானா?

சுங்கை பினாங்கில் யாருக்காவது பிளேட்லெட் இறங்கிவிட்டது என்றால் பேச்சு நேரே டெங்கிக்குத்தான் போகும். பப்பாளி இலைச் சாறு வரும், நண்டு சூப் வரும், இரத்தம் கசிந்துவிடுமோ என்ற பயமும் கூடவே வரும். டெங்கியில் அந்தப் பயம் நியாயம். ஹெப்பாரின் ஊசி போட்டுக்கொள்பவரிடம் அதே கணக்கைப் போட்டால் உயிருக்கே ஆபத்து.

ஹெப்பாரின் இரத்தம் உறையாமல் காக்கும் மருந்து. அது தட்டணுக்கள் (பிளேட்லெட்) வெளியிடும் பிஎஃப்4 என்ற புரதத்தோடு ஒட்டும்போது, சிலருடைய உடல் அதற்கு எதிர்ப்பொருள் உண்டாக்குகிறது. அந்த எதிர்ப்பொருள் தட்டணுக்களைக் கிளறிவிட, அவை திரண்டு செலவாகின்றன. எண்ணிக்கை விழும் அதே வேளையில் காலிலும் நுரையீரலிலும் இரத்தம் உறையத் தொடங்கலாம்.

இந்தப் பக்கவிளைவு அரிது, இதற்காகத் தினமும் இரத்தம் எடுக்க வேண்டுமா என்பார்கள். கேள்வி சரிதான், ஆனால் எல்லாருக்கும் அரிதல்ல. வார்க்கென்டின் என்ற ஆய்வாளரின் குழு 1995இல் வெளியிட்ட ஆய்வில், இடுப்பு அறுவை சிகிச்சைக்குப் பின் பழைய வகை ஹெப்பாரின் பெற்ற 332 பேரில் 9 பேருக்கு இது வந்தது. குறைந்த மூலக்கூற்று எடை வகையைப் பெற்ற 333 பேரில் ஒருவருக்கும் வரவில்லை. ஆகவே அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களிடம் எண்ணிக்கையைப் பார்க்காமலிருப்பது சிக்கனமல்ல, அலட்சியம்.

பார்க்கும் விதத்திலும் கோளாறு உண்டு. 3,20,000 இருந்த தட்டணுக்கள் ஏழாம் நாள் 1,50,000 ஆனால் பரிசோதனைத் தாளில் அது இயல்பு அளவாகவே அச்சாகும். பாதிக்கு மேல் போய்விட்டதை அந்தத் தாள் சொல்லாது. ஊசி தொடங்கிய 5 முதல் 10 நாளுக்குள் எண்ணிக்கை பாதியாகிறதா என்பதே கவனிக்க வேண்டியது. முந்தைய சில மாதங்களில் ஹெப்பாரின் ஏறியவருக்கு ஒரே நாளில்கூட விழலாம்.

அப்படியானால் ஹெப்பாரினையே கைவிடலாமா? அது பன்றிக் குடலிலிருந்து எடுக்கப்படுவதால், 2009இல் மலேசியத் தேசிய ஃபத்வா மன்றம் கிளெக்ஸேன், ஃபிராக்ஸிபரின் என்ற ஹெப்பாரின் வகை ஊசிகளுக்கு மாற்று இருப்பதைக் காட்டி அவை கூடாதென்றது. அந்த மாற்று, செயற்கையாகச் செய்யப்படும் ஃபோண்டாபாரினக்ஸ். தட்டணுவை அது வீழ்த்துவது மிக மிக அபூர்வம். மத விதிக்காகத் தேடிய மருந்து இந்த ஆபத்துக்கும் பதிலாக அமைந்தது. ஆனால் அது சிறுநீரகம் வழியே வெளியேறுவது. உடலில் வெகுநேரம் தங்குவது. டயாலிசிஸ் நோயாளிக்குச் சில மணி நேரத்தில் வேகம் தணியும் ஹெப்பாரினே பொருந்தும்.

என் முடிவு: ஹெப்பாரின் இருக்கட்டும், எண்ணாமல் கொடுப்பது போகட்டும். சந்தேகம் வலுத்தால் ஊசியை உடனே நிறுத்தி வேறு மருந்துக்கு மாறுவது மருத்துவரின் கடமை. வெறும் வார்ஃபரின் மாத்திரைக்குத் தாவினால் விரல்கள் அழுகும் அபாயம் உண்டு.

வீட்டில் ஒருவருக்கு இது வந்திருந்தால் ‘ஹெப்பாரின் கூடாது’ என்று அவருடைய மருத்துவ அட்டையில் எழுதி வாங்குங்கள். ஊசிக்குழாயைக் கழுவும் திரவத்திலும் ஹெப்பாரின் இருக்கலாம். தாதியிடம் ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள்.