மூணு அடுக்கும் ஒரு ஜீப் பயணமும்

ரெண்டு வருஷம் முன்னாடி ஆடி மாசத்தில் மேகமலையில் ஒரு நாள் பூரா சாரலில் நடந்தேன். ஆறாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கின மழைக்கோட்டு மேலே இருந்தது. கடைக்காரர் சொன்ன மாதிரியே மழை ஒரு சொட்டுகூட உள்ளே வரவில்லை. ஆனால் சாயங்காலம் கழற்றிப் பார்த்தால் உள்ளே இருந்த பருத்தி பனியனைப் பிழியலாம். எல்லாம் என் வியர்வை. ஏறும்போது ஒண்ணும் தெரியலை. சின்னமனூருக்கு இறங்கும் வண்டியில், அந்த 18 கொண்டை ஊசி வளைவுக்குள்ளேதான் நடுக்கம் பிடிச்சுது. பையோட ஜிப்பைத் திறக்க விரல் வரலை. பக்கத்திலிருந்த நண்பர் கேட்டதுக்குப் பதில் சொல்ல நாக்கு குழறியது.

அதுக்கப்புறம்தான் இந்த உடை விஷயத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். மலையேற்றக்காரர்கள் கையில் சுற்றும் சாமான் பட்டியல் உங்களுக்கும் வந்திருக்கும். உள்ளே வியர்வையை வெளியே தள்ளும் துணி, நடுவில் கம்பளியோ ஃப்ளீஸோ, மேலே காத்தும் மழையும் புகாத கோட்டு. மூணு அடுக்கு. தேனிக்கும் அதே பட்டியல், லடாக்குக்கும் அதே பட்டியல். இந்தக் கட்டுரை அந்தப் பட்டியலைப் பற்றியது. கொஞ்சம் குறை சொல்லத்தான் போகிறேன்.

இந்த அடுக்குக் கொள்கை பெரிய அளவில் நடைமுறைக்கு வந்தது இரண்டாம் உலகப்போரில். அமெரிக்க ராணுவம் 1943-இல் கொண்டுவந்த சீருடையே ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக் கழற்றும் ஏற்பாடு. ஒரே தடித்த கோட்டுக்குப் பதிலாக, வேலைக்குத் தக்கபடி கூட்டலாம், குறைக்கலாம். பின்னால் மலையேறுகிறவர்களும் வேட்டைக்காரர்களும் இதை எடுத்துக்கொண்டார்கள். இதில் மான் வேட்டைக்காரர்கள் எழுதினதுதான் எனக்கு ரொம்ப உபயோகமாக இருந்தது. காரணம் எளிது. மலையேறுகிறவன் நடந்துகொண்டே இருப்பான். மானுக்குக் காத்திருக்கிறவன் வேர்க்க வேர்க்க ஏறிப்போய், பிறகு ரெண்டு மணி, மூணு மணி நேரம் அசையாமல் ஈரத்தில் கிடக்கணும். குளிர் அடிக்கிறது இந்த ரெண்டாவது கட்டத்தில்தான். அதனால் அவர்கள் எழுத்தில் 'எதைப் போடணும்' என்பதைவிட 'எப்போ கழட்டணும், எப்போ போடணும்' என்பதுதான் மையம். ஏறும்போது லேசாகக் குளிர்கிற அளவுக்குக் குறைச்சலாகப் போடு, தடித்த உடுப்பைப் பைக்குள் காயவைத்துக் கொண்டுபோ, உட்கார்ந்த பிறகு ஈர பனியனை மாற்றி அதை எடுத்துப் போடு.

நம்ம ஊர்ப் பட்டியல்களில் காணாமல் போனது இந்த நேரக் கணக்கு. மிஞ்சினது சாமான் பேர்கள். கடைக்குப் போய் வாங்கக்கூடியது மட்டும் மிஞ்சியிருக்கு என்பதும் தற்செயல்னு எனக்குத் தோணலை.

ஒண்ணைச் சொல்லிவிடுகிறேன். இது வேட்டைக்கு வழிகாட்டும் கட்டுரை இல்லை. 1972 வனவிலங்குச் சட்டத்தில் உரிமம் வாங்கிச் சுடுவதற்குக் கொஞ்சம் இடம் இருந்தது. 1991 திருத்தத்தில் அதுவும் போனது. மேகமலை 2021-இலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். ஆனால் இந்த மலைகளுக்கு ஒரு வேட்டைப் பழசு உண்டு, உடையோடும் சம்பந்தப்பட்டது. போடிக்கு மேலே மூணாறு தேயிலைத் தோட்டங்களைப் போட்டதில் ஸ்காட்லாந்துக்காரர்கள் நிறைய. அவர்கள் தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து கயிற்றுப்பாதையில் கொட்டகுடிக்கு இறங்கி, போடிக்கு வந்தது. இரவிகுளம் அவர்களுடைய வேட்டைக்காடாக இருந்து, 1975-இல் சரணாலயமாகி, 1978-இல் தேசியப் பூங்கா ஆனது. அவங்க ஊர் மான் வேட்டை உடுப்பு ட்வீட். அழுத்தி நெய்த கம்பளித் துணி. அங்கே பண்ணைக்குப் பண்ணை தனி ட்வீட் உண்டு, விக்டோரியா ராணியின் கணவர் ஆல்பர்ட் பால்மோரலுக்கென்று ஒண்ணு உருவாக்கினார். குளிரும் மழையும் சேர்ந்த நிலத்தில் பிறந்த துணி அது. நனைந்தாலும் ஓரளவு சூடு காக்கும்.

அந்தக் காலத்து வேட்டைப் புத்தகங்களில் துரையோட துப்பாக்கி பற்றிப் பக்கம் பக்கமாக இருக்கும். முன்னாடி வழிகாட்டிப் போன முதுவர் என்ன போர்த்தியிருந்தார் என்பது ஒரு வரி தேறினால் பெரிசு. இன்றைய சாமான் பட்டியலிலும் அதே கதைதான். அது வாரக்கடைசியில் வருகிற என்னை மாதிரி ஆளுக்கு எழுதப்பட்டது. இந்த மலையில் மழைக்காலம் பூரா நனைகிறவர்கள் வேறு ஆட்கள். வேட்டைத் தடுப்புக் காவலர்கள், மலைமாடு மேய்க்கிறவர்கள், கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து தினமும் விடியக்காலை ஜீப்பில் கம்பமெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்கு ஏறுகிற பெண்கள்.

இப்போ விலை கூடின அந்த மேல் கோட்டுக்கு வருவோம். 1969-இல் பாப் கோர் என்பவர் டெஃப்லானை வெடுக்கென்று இழுத்துப் பார்த்தார், அது நுண்துளைகளோடு விரிந்தது. அதிலிருந்து வந்த சவ்வில் தண்ணீர்த் துளி நுழையாது, நீராவி வெளியே போகும். அற்புதமான கண்டுபிடிப்பு, சந்தேகமே இல்லை. ஆனால் ஆவி தானாக வெளியே போவதில்லை. உள்ளே ஈர அழுத்தம் கூடுதலாகவும் வெளியே குறைவாகவும் இருந்தால்தான் போகும். உறைபனிக் குளிரில் வெளிக்காத்து உலர்ந்து கிடக்கும், வித்தியாசம் பெரிசு. ஆடிச் சாரலில் மேகமலை மேகத்துக்குள்ளேயே இருக்கிறது. காத்து ஏற்கெனவே குடித்துத் தளும்பி நிற்கிறது, குளிரும் அவ்வளவு இல்லை. வித்தியாசம் சுருங்கிவிடும். மேல்துணியில் பூசின நீர்விலக்கி ரெண்டு மூணு மழைக்காலத்தில் தேய்ந்து, துணி தண்ணீர் குடிக்க ஆரம்பித்தால் வெளிப்பக்கம் முழுக்க ஒரு ஈரப்படலம். அப்புறம் அது ஆறாயிரம் ரூபாய் பாலித்தீன் பைதான். செங்குத்தில் ஏறும் ஆள் வேர்க்கிற வேகத்துக்குப் புதுக் கோட்டே ஈடு கொடுக்காது.

தோட்டத்து ஆட்கள் இதைச் சவ்வு இல்லாமல் தீர்த்திருக்கிறார்கள். சாக்கை ஒரு மூலை உள்ளே மடித்துத் தலையில் மாட்டுகிற கொங்காணி. இப்போ பெரும்பாலும் பிளாஸ்டிக் தாள். முன்பக்கமும் அடிப்பக்கமும் திறந்தே கிடக்கும். மழை மேலிருந்து வரும், முதுகும் தலையும் காப்பாற்றப்படும், வியர்வை முன்பக்கமாகப் போகும். குனிந்து ஏலக்காய் பறிக்கிறவர்களுக்கு முதுகுதான் கூரை. இடையர்களும் கம்பளியை இதே மாதிரித்தான் மடித்துப் போட்டுக்கொள்வார்கள். கம்பளியில் இன்னொரு விசேஷம். ஈரக்காத்திலிருந்து அது நீராவியை இழுக்கும்போது கொஞ்சம் சூட்டை வெளியே விடும். பருத்தி நனைந்தால் இழைக்கு நடுவில் இருந்த காற்று போய்த் தண்ணீர் உட்கார்ந்துவிடும். காற்றைவிடத் தண்ணீர் 20 மடங்குக்கு மேல் வேகமாகச் சூட்டைக் கடத்தும். என் பனியன் செய்த வேலை அது.

கொங்காணிக்கு இன்னொரு நல்ல குணம் உண்டு. எந்தப் பட்டியலிலும் பார்த்ததில்லை. அன்றைக்கு எங்களோடு வந்த காவலர் ஏறத் தொடங்கினதுமே சொன்னார்: "தம்பி, அந்தத் தொப்பிய மொதல்ல கழட்டுங்க. ஆனை நின்னா எப்படிக் கேக்கும்?" நைலான் தொப்பி காதோரம் உரசுகிற சரசரப்பில் பத்தடி தள்ளி ஒடிகிற மூங்கில்கூடக் கேட்காது. வேட்டைக் குறிப்புகளிலும் சத்தமில்லாத துணி வேணும் என்று இருக்கிறது. அங்கே மானுக்குக் கேட்கக்கூடாது, இங்கே நமக்குக் கேட்கணும். காவலர் தலையில் துண்டு, மேலே தாள், காது ரெண்டும் வெளியே. அமெரிக்க வேட்டைக்காரர்கள் பளீர் ஆரஞ்சு போடுவதையும் இங்கே சிலர் நகல் எடுக்கிறார்கள். மானுக்கு ஆரஞ்சு சரியாகத் தெரியாது, மனுசனுக்குத் தெரியும். இன்னொரு வேட்டைக்காரன் தவறிச் சுடாமலிருக்க அந்த நிறம். துப்பாக்கியே இல்லாத காட்டில் அதனால் ஒரே ஒரு லாபம், மேகத்துக்குள் தனியாகப் பிரிந்த ஆளைக் கண்டுபிடிக்கலாம். அது சின்ன லாபம் இல்லைதான்.

காலுக்கு மட்டும் உள்ளூர் ஏற்பாட்டை வெளியூர்க்காரர்கள் மரியாதையாக எடுத்துக்கொண்டார்கள். தேக்கடியில் காட்டு நடைக்குப் போனால் முழங்கால் வரை கட்டுகிற நெருக்கி நெய்த அட்டைக் காலுறை தருவார்கள். அங்கே கூட்டிப்போகிறவர்களில் ஒரு காலத்தில் வயணப்பட்டை திருட்டாக உரித்தவர்களும் உண்டு. 1990-களின் கடைசியில் சூழல் மேம்பாட்டுத் திட்டத்தில் வழிகாட்டிகளானவர்கள். காட்டில் மழையில் ராத்தங்கிப் பழகினவர்கள் சொல்வதைக் கேட்டுத்தான் நடக்கணும்.

உள்ளூர் வழக்கம் எல்லாமே சரி என்று எழுதி முடித்தால் எனக்கு நிம்மதியாக இருக்கும். அப்படி முடிக்க முடியலை. கொங்காணி வேலை செய்கிற நேரத்துக்கான உடுப்பு. கை ஓடுகிறவரை உடம்பே அடுப்பு. சாயங்காலம் வேலை முடிந்து அதைச் சுருட்டி வைத்துவிட்டு, இடுப்புக்குக் கீழே சொட்டச் சொட்ட ஜீப்பில் ஏறுகிறார்கள். பின்பக்கம் திறந்து கிடக்கும். மெட்டு இறங்கி ஊர் வந்து சேர ஒரு மணி, சில நாள் ஒண்ணரை மணி நேரம், அசையாமல், எதிர்க்காத்தில். மான் வேட்டைக்காரன் புதருக்குள் கிடக்கிற அந்த மூணு மணி நேரம் எதுவோ, அதுதான் இந்த ஜீப் பயணம். என் விரல் விறைத்ததும் இறங்கும்போதுதான். உடம்புச் சூடு 35 டிகிரிக்குக் கீழே போனால் மருத்துவக் கணக்கில் அது ஆபத்து. அதற்குப் பனி பெய்யத் தேவையில்லை, ஈரத் துணியும் காத்தும் போதும். கை வழங்காமை, பேச்சு குழறுவது, கால் தடுமாறுவது எல்லாம் அதோட முன்னறிவிப்பு. நடுக்கம் நின்றால் சரியாகிவிட்டது என்று விடக்கூடாது, அது இன்னும் மோசமான கட்டமாக இருக்கலாம். ஈரத்தை உரித்து, உலர்ந்ததைச் சுற்றி, நினைவு தெளிவாக இருந்தால் சர்க்கரை போட்ட சூடான எதையாவது கொடுத்து, ஆஸ்பத்திரி பார்க்கணும். 'ஒரு குவாட்டர் போட்டா சரியாயிரும்' என்பார்கள். சாராயம் தோலுக்கு ரத்தத்தை ஓட்டி உள்சூட்டை வெளியே கொட்டிவிடும்.

ஆக, வேட்டைக்காரர்களிடமிருந்து இந்த மலைக்கு எடுத்துவர வேண்டியது மூணு அடுக்கில்லை, ஏழு அடுக்குமில்லை. பாலித்தீன் பையில் முடிந்த ஒரு உலர்ந்த சட்டை, அதை ஜீப்பில் ஏறுவதற்கு முன்னாடி மாற்ற ஒரு மறைப்பு. காவலர்களுக்கு முகாமில் காய்ந்த கம்பளியும் துணி காயவைக்க அடுப்பு மூலையும். சட்டை வீட்டிலேயே கிடைக்கும். மறைப்பும் அடுப்பு மூலையும் தோட்டக்காரரும் துறையும் கொடுக்க வேண்டியவை. பட்டியல் போடுகிறவர்கள் இதை எழுத மாட்டார்கள், இதில் விற்க ஒண்ணுமில்லை.

போன மழைக்காலத்தில் கம்பமெட்டு இறங்கும்போது ஒரு ஜீப்பில் இடம் கேட்டு ஏறினேன். எதிரே இருந்த அக்கா புடவைக்கு மேலே தோட்டத்து வழக்கப்படி ஆம்பளைச் சட்டை போட்டிருந்தார். வீட்டுக்காரரோட பழைய டெரிகாட்டன். கழற்றி வெளியே ரெண்டு உதறு உதறினார், பாதி காய்ந்த மாதிரி ஆகிவிட்டது. கடையில் 'முதல் அடுக்கு' என்று விற்கிற பனியனும் பெரும்பாலும் இதே பாலியஸ்டர்தான், தண்ணீரை உறிஞ்சாத இழை. என் பனியனைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏந்தம்பி, இந்தக் குளிருல யாராச்சும் நூலுத் துணி போட்டுக்கிட்டு வருவாகளா?"