கார்னரும் கவரும்: கபடியில் பிடிவரிசை கட்டும் முறைகள்

கபடிக் களத்தில் நிற்கும் ஏழு பேரில் பிடியின் பொறுப்பை முதன்மையாகச் சுமப்பவர்கள் நால்வர்: இரு ஓரங்களிலும் நிற்கும் கார்னர்கள், உட்பக்கம் நிற்கும் இரண்டு கவர்கள். இந்த நான்கு இடங்களில் ஒன்று காலியானால் அதை யாரைக் கொண்டு நிரப்புவது என்பதில் அணிக்கு அணி வழக்கம் வேறு. புரோ கபடி லீக் 2014இல் தொடங்கி வீரர்களை ஏலத்தில் எடுக்கும் முறை வந்தபின் இந்த வேறுபாடு பணக்கணக்கிலேயே வெளிப்படையாகத் தெரிகிறது.

பிடி என்பது ஒருவர் செய்யும் வேலை அல்ல. பாடி வருபவர், அதாவது ரைடர், போனஸ் கோட்டை நோக்கிக் காலை நீட்டுகிறார். உடல் எடை முழுவதும் ஒற்றைக் காலுக்கு மாறுகிறது. கார்னர் காத்திருப்பது அந்த நொடிக்குத்தான். குனிந்து இரு கைகளாலும் கணுக்காலைப் பற்றித் தன் பக்கம் இழுக்கிறார். அதே வேளையில் கவர் பாய்ந்து இடுப்பையோ தொடையையோ அடைத்தாக வேண்டும். அரை நொடி பிந்தினாலும் ரைடர் கார்னரையும் இழுத்துக்கொண்டு நடுக்கோட்டைத் தொட்டுவிடுவார். ஆட்டப் பதிவேட்டில் டேக்கிள் புள்ளி கார்னர் பெயரில் ஏறும். அதைச் சாத்தியமாக்கிய கவரின் வேகத்துக்குப் பதிவேட்டில் இடமில்லை. ஏலத்தில் புள்ளிப் பட்டியலை மட்டும் பார்த்து விலை வைப்பவர்கள் தவறுவது இங்கேதான்.

தமிழ்நாட்டின் பழைய முறை மண் களத்தில் வளர்ந்தது. செங்கல்பட்டுப் பக்கத்து ஊர்களானாலும் காவிரிப் படுகையின் வடுவூரானாலும், ஒரே தெருவில் வளர்ந்தவர்களே ஒரே அணியில் நின்றார்கள். எவர் எந்தக் கையால் பிடிப்பார், எப்போது பாய்வார் என்பதை அடுத்து நிற்பவர் சிறுவயது முதலே அறிந்திருந்தார். அந்த முறையின் தலைசிறந்த பிடிக்காரர்களில் ஒருவர் தர்மராஜ் சேரலாதன். 1975இல் பிறந்த இவர் நாற்பது வயதைக் கடந்தபின், 2016இல், பாட்னா பைரேட்ஸ் அணித் தலைவராகப் புரோ கபடி கோப்பையை வென்றார். வேகம் குறையும் வயதில் அவரைக் களத்தில் நிலைக்கச் செய்தது ரைடரின் காலைப் படிக்கும் பார்வை.

அடுத்தது, பெயர் பெற்றவர்களைச் சேர்க்கும் முறை. 2017இல் லீக்கில் நுழைந்த தமிழ் தலைவாஸ் முதல் மூன்று பருவங்களில் இதையே நம்பியது. அமித் ஹூடா, மன்ஜீத் சில்லர், மோஹித் சில்லர், ரண் சிங் என அனுபவம் மிக்க பிடிக்காரர்கள் அடுத்தடுத்து வந்தனர். தனித்தனியே எல்லோரும் பெரிய வீரர்கள். ஆயினும் 2019இல் அணி பன்னிரண்டாவது, அதாவது கடைசி இடத்தில் முடித்தது. பிடிவரிசையில் முகங்கள் மாறிக்கொண்டே இருந்ததால் கார்னருக்கும் கவருக்கும் இடையே பழக்கம் ஏற்பட நேரமே கிடைக்கவில்லை.

மூன்றாவது முறை, இளைஞர்களை எடுத்து நிலைநிறுத்துவது. 2021–22 பருவத்தில் தலைவாஸ் வலது கார்னரில் சாகரையும் இடது கார்னரில் சாஹில் குலியாவையும் நிறுத்தியது. சாகர் அந்தப் பருவத்தில் 82 டேக்கிள் புள்ளிகள் எடுத்தார். 2022 ஏலத்தில் நிர்வாகம் தன் 4.4 கோடி ரூபாயில் பாதிக்கு மேல், 2.26 கோடியை, ரைடர் பவன் ஷெராவத் ஒருவருக்கே கொடுத்தது. அவரோ முதல் ஆட்டத்திலேயே காயமடைந்து வெளியேறினார். அப்படியிருந்தும் அணி முதன்முறையாக அரையிறுதி வரை போனது. பவன் விட்ட இடத்தில் புதுமுக ரைடர் நரேந்தர் எழுந்தது ஒரு காரணம். முந்தைய பருவத்திலிருந்து சேர்ந்து ஆடிய பிடிக்காரர்கள் கலையாமல் இருந்தது மற்றொன்று. தலைவாஸ் வரலாற்றில் பாடமாக வைக்கத்தக்க பருவம் அதுவே.

ஒரே பிடிக்காரருக்குப் பெருந்தொகை கொடுப்பதும் ஒரு முறைதான். ஈரானின் முகமதுரேசா ஷாட்லூயியைப் புனேரி பல்டன் 2.35 கோடிக்கு எடுத்து 2024 மார்ச்சில் கோப்பை வென்றது. அடுத்த பருவத்தில் 2.07 கோடிக்கு எடுத்த ஹரியானா ஸ்டீலர்ஸும் வென்றது. 2025இல் 2.23 கோடி கொடுத்த குஜராத் ஜயன்ட்ஸ் முதல் எட்டு இடங்களுக்குள்கூட வரவில்லை. ஆள் ஒருவரே, அருகில் நின்றவர்கள் வேறு. புனேரியில் அவருக்குத் துணையாகத் தமிழ்நாட்டு வீரர் அபினேஷ் நடராஜன் போன்ற, அணியிலேயே வளர்ந்த கவர்கள் இருந்தார்கள்.

ஆகவே பிடிக்காரரை மதிப்பிட மொத்தப் புள்ளி போதாது. முயன்ற பிடிகளில் வென்றவை எத்தனை, களத்தில் மூவரோ அதற்குக் குறைவோ நிற்கும்போது கிடைக்கும் சூப்பர் டேக்கிள்கள் எத்தனை, அவசரப்பட்டுத் தானே போய் விழுந்த தருணங்கள் எத்தனை என்பவற்றையும் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தக்கவைத்துள்ள கவரோடு அவர் பொருந்துவாரா என்று பார்க்க வேண்டும். பிறர் கேட்ட இறுதி விலையையே கொடுத்துத் தன் பழைய வீரரை மீட்டுக்கொள்ள லீக் விதி இடமளிக்கிறது. அந்த உரிமையை ரைடருக்கு மட்டும் செலவிடாமல், பழகிய கார்னர்–கவர் இணையைக் காக்கப் பயன்படுத்துவதே நல்ல நிர்வாகம்.

பொத்தேரி எஸ்.ஆர்.எம். போன்ற பல்கலைக்கழகங்களின் அணிகளுக்கு ஏலம் கிடையாது. விளையாட்டு ஒதுக்கீட்டில் சேரும் மாணவர்களே அவற்றின் வரவு. பட்டம் முடிந்ததும் பிடிக்காரர் போய்விடுவார் என்பதால், இறுதியாண்டு கார்னருக்குப் பக்கத்தில் முதலாண்டு மாணவரைக் கவராக நிறுத்திப் பழக்குவது அங்கே ஏற்ற வழி. இரண்டாம் ஆண்டில் அந்தக் கவரே கார்னர் இடத்துக்கு நகரலாம். அவருடைய பழைய இடத்துக்கு மட்டும் புதியவரைத் தேடினால் போதும்.