முதல் நாள் செய்தியும் மறுநாள் செய்தியும்

மலேசியாவின் செகிஞ்சானில் அறுவடை இயந்திரங்கள் வயலைவிட்டு ஏறிய வாரம். தோட்டத்திலிருந்து வந்து எங்கள் வரிசையில் குடியேறிய பக்கத்து வீட்டு அக்கா, கையில் பேங்க் கார்டோடு வந்து நின்றார். "மாசா மாசம் யாரோ இருபது வெள்ளி எடுக்கிறான் தம்பி. நான் யாருக்கும் குடுக்கலையே!"

கொடுத்துத்தான் இருந்தார். நாடகம் பார்க்கும் செயலி ஒன்றில் பேரன் பாட்டியின் கார்டு எண்ணைப் போட்டு, முதல் மாதம் இலவசம் என்பதைத் தட்டியிருக்கிறான். இலவச மாதம் முடிந்தது அவனுக்கும் தெரியவில்லை, அக்காவுக்கும் தெரியவில்லை.

தோட்டத்து ஆட்களுக்கு மாதப் பிடித்தம் புதிதல்ல. இங்கே சேமநிதி பிடித்தார்கள். இலங்கை மலையகத்தில் தொழிற்சங்கச் சந்தாவையும் சம்பளத்திலேயே பிடித்தார்கள். சண்டை போட்டாலும் போடாவிட்டாலும் அந்த வரி சம்பளச் சீட்டில் கண்ணுக்குத் தெரியும். கார்டு வழியே போகும் சந்தாவுக்கு அப்படி ஒரு சீட்டு உண்டா என்பதில்தான் இந்தியாவும் இலங்கையும் பிரிகின்றன.

திருச்சியில் இருக்கும் என் அத்தை மகனுக்கு அந்தச் சீட்டு முன்கூட்டியே வந்துவிடுகிறது. ரிசர்வ் வங்கி 2019 ஆகஸ்டில் வகுத்த விதிப்படி, தொடர் பிடித்தத்துக்கு முதல் முறை பதியும்போது ஓடிபி கட்டாயம். அதன் பிறகு ஒவ்வொரு முறையும், பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு வங்கி செய்தி அனுப்ப வேண்டும்: எடுப்பவர் யார், எவ்வளவு, எப்போது, எதற்காக. வேண்டாம் என்றால் அங்கேயே நிறுத்தலாம். தொகை மாறக்கூடிய சந்தாவென்றால் இதற்கு மேல் போகாதே என்று உச்சவரம்பும் வைக்கலாம். ஓடிபி இல்லாமல் எடுக்கக்கூடிய அளவு முதலில் 2,000 ரூபாய், பிறகு 5,000, 2022 ஜூனில் 15,000. காப்பீட்டுப் பிரீமியம், மியூச்சுவல் ஃபண்ட், கிரெடிட் கார்டு பாக்கி ஆகிய மூன்றுக்கும் 2023 டிசம்பரில் அதை ஒரு லட்சம் ஆக்கினார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 2021 அக்டோபர் 1 அன்று விதி முழுதாக நடைமுறைக்கு வந்தபோது ஏற்பாடு செய்துகொள்ளாத வங்கிகளும் நிறுவனங்களும் ஏராளம். ஓடிக்கொண்டிருந்த சந்தாக்கள் படபடவென்று அறுந்தன. ஆப்பிள் நிறுவனம் 2022இல் இந்தியக் கார்டுகளை ஏற்பதையே நிறுத்திக்கொண்டது. 2020 ஜூலையில் வந்த யுபிஐ ஆட்டோபே பக்கம் பலர் நகர்ந்ததற்கு இந்த எரிச்சலும் ஒரு காரணம் என்பேன். இன்னொன்று: கடன் வேண்டுமா, மனை வேண்டுமா என்று நாள் முழுக்கக் கொட்டும் குறுஞ்செய்திகளுக்கு நடுவே இந்த ஒன்றையும் என் அத்தை மகன் படிக்காமலே தள்ளிவிடுகிறான்.

இலங்கையில் கொக்குவிலில் இருக்கும் மைத்துனருக்குக் கதை வேறு. வீட்டு வாடகை, கடன் தவணை போன்றவற்றுக்கு வங்கியில் ஸ்டாண்டிங் ஆர்டர் எழுதிக் கொடுப்பது அங்கே பழைய பழக்கம். தொகையும் தேதியும் நாம் எழுதியவை, அதனால் பயமில்லை. மின்சாரக் கட்டணத்தை ஃபூட் சிட்டியில் சாமான் வாங்கப் போகும்போது கட்டிவிடுவார். ஆனால் வெளிநாட்டுச் செயலியில் கார்டைப் பதிந்தால், பிடிகயிறு செயலிக்காரரின் கைக்குப் போய்விடுகிறது. "காசு போனாப் பிறகுதானே மச்சான் மெசேஜ் வருது" என்பார்.

அதன் விலை 2022இல் தெரிந்தது. மார்ச் 7 அன்று மத்திய வங்கி ரூபாயின் பிடியைத் தளர்த்தியது. அதுவரை டாலருக்கு 200 ரூபாயை ஒட்டி நின்ற விலை, மே மாதத்தில் 360ஐத் தொட்டது. பத்து டாலர் சந்தா 2,000 ரூபாயிலிருந்து 3,600க்குப் போயிற்று. விற்றவர் ஒரு சதமும் கூட்டவில்லை. புதிதாக யாரும் அனுமதி கேட்கவும் இல்லை. எரிவாயுவுக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்த மனிதருக்கு, பாட்டுக் கேட்கும் செயலி எவ்வளவு எடுத்தது என்பது மறுநாள் செய்தியில் தெரிந்தது. திருச்சிக்காரன் படிக்காமல் தள்ளும் அந்த முதல் நாள் செய்தி, அந்த மே மாதம் கொக்குவிலில் ஒன்றாவது வந்திருந்தால் எவ்வளவு உதவியிருக்கும்!

மைத்துனர் பிறகு தானே ஒரு வேலி போட்டுக்கொண்டார். தனிக் கணக்கு, தனிக் கார்டு; அந்தந்த மாதத்துக்கு வேண்டியதை மட்டும் அதில் மாற்றிவைப்பது. மாற்ற மறந்தால் சந்தா தானாக நின்றுவிடும். விதி செய்யாததைக் காலிக் கணக்கு செய்கிறது.

அக்காவின் கார்டுக்கு வருவோம். மலேசியாவில் டெபிட் கார்டை வெளிநாட்டுச் செலவுகளுக்குப் பயன்படுத்த, வாடிக்கையாளர் கேட்டால்தான் வங்கி திறந்துவிட வேண்டும். பேரன் அதையும் வங்கிச் செயலியில் திறந்துவைத்திருந்தான். சந்தாவை ரத்து செய்துவிட்டு அதையும் மூடினேன்.

"அப்ப நாடகம் வராதா தம்பி?" என்று கேட்டார் அக்கா.


இந்த மாத இருபது வெள்ளி முன்பே போய்விட்டது. மாதக் கடைசி வரைக்கும் வரும் என்றேன்.