காமன் கூத்தும் கமராவின் ஒளியும்

மாத்தளை மாவட்டம் உள்ளிட்ட மலையகத் தோட்டங்களில் மாசி மாதத்து இரவுகளில் ஆடப்படும் காமன் கூத்து, தீயின் ஒளியைக் கதைப்பொருளாகவே கொண்டது. சிவனின் நெற்றிக்கண் திறப்பதும் மன்மதன் எரிவதும் அதன் உச்சம். இக்கூத்தைக் காட்டும் நிழற்படங்கள் பல அவ்வுச்சத்திலேயே தோல்வியுறுகின்றன. அத்தோல்வி கருவியின் குறையா, நோக்கின் குறையா என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

இப்படங்களின் குறைகள் இருவகைப்படும். முதலாவது, மிகையொளி. கமராவின் ஒளிமானி பொதுவாகச் சட்டகம் முழுவதையும் சராசரியாக அளக்கின்றது. பெரும்பகுதி இருளாயின், காட்சியே மங்கியது எனக் கொண்டு ஒளியை மிகுதியாக உள்ளே விடுகின்றது. விளைவாக, இருள் சாம்பல் நிறமாக வெளிறுகின்றது. பூச்சணிந்த முகமும் மினுங்கும் முடியும் வெண்திட்டாகின்றன. நெகற்றிவ் பிலிம் இப்பிழையை ஓரளவு பொறுத்தது. டிஜிற்றல் கமரா அவ்வாறு பொறுப்பதில்லை. இரண்டாவது, பிளாஷ். முன்னிருந்து பாயும் அவ்வொளி தீப்பந்தத்தின் செம்மையை அழித்து, இரதியின் புலம்பலைத் திருமண வீட்டுப் படமாக்கிவிடுகின்றது.

ஒளி விழும் முகத்தை மட்டும் அளந்து, அவ்வளவைக் கைமுறையில் நிலைநிறுத்தி, சூழ்ந்த இருளை இருளாகவே விடுதல் வேண்டும். ஆட்டத்தின் விரைவைப் பிடிக்க 1/250 செக்கன் வேண்டப்படலாம். ஆயின் 50 ஹேர்ட்ஸ் மின்னோட்டத்தில் பழையவகைக் குழல்விளக்கு செக்கனுக்கு 100 முறை துடிப்பதால், அவ்வேகத்தில் படத்துக்குப் படம் ஒளி வேறுபடும். அங்கு வேகத்தை 1/100 செக்கனுக்குக் குறைத்து, ஆடுவோர் கணப்பொழுது நிலைகொள்ளும் தருணத்துக்குக் காத்திருத்தலே தக்கது.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் 1962இல் 'கர்ணன் போர்' முதலாக மேடையேற்றிய கூத்துக்களில் வட்டக்களரி ஒருமுக மேடையாயிற்று; ஒளியும் நெறியாளர் கைக்கு வந்தது. இத்தகைய மேடையிற் படம்பிடிப்பவர் ஒத்திகை பார்த்து ஒளியின் வரிசையை முன்னரே அறியலாம். தோட்டத்து வெளியில் அவ்வாய்ப்பு இல்லை. தகனத் தீ மூளும் கணத்தில், அதுவரை பொருந்தியிருந்த அளவு பொருந்தாததாகிவிடும். மூண்டபின் திருத்த நேரமுமில்லை. தப்பின் அடி மாறுவதையும் கூட்டம் விலகுவதையும் கொண்டு அக்கணத்தை முன்னுணர்பவரே, அளவைக் குறைத்து ஆயத்தமாக நிற்க வல்லவர். எனவே ஒளியைக் கையாளுதல் என்பது கூத்தை அறிதலின் ஒரு கூறேயாகும். கதையோட்டத்தை அறியாதவர்க்கு விலையுயர்ந்த கமராவும் உதவாது.

இலங்கை ஆடற்கலைஞரைப் படம்பிடித்த லயனல் வென்ற் (1900–1944), நிழலைக் குறையாகக் கருதாது உருவத்தை வனையும் பொருளாகக் கொண்டார். அந்நோக்கு காமன் கூத்துக்கும் வேண்டற்பாலது. தோட்டத்தை விட்டு நகர்ப்புறம் சென்றோரின் பிள்ளைகளுட் பலர் இக்கூத்தை நேரிற் கண்டிலர். அவர்க்குப் படமே சான்று. இருளை அழித்த படம், எரியாத மன்மதனையே அவர்களுக்குக் காட்டும். கலைக்குறை என்பதற்கும் மேலாக, அது வரலாற்றுப் பிழையாகவும் நிலைத்துவிடும் என்பது மனங்கொளத்தக்கது.