சரிவுக்குச் சொந்தக்காரர் யார்?

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் இலங்கையெங்கும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அதில் பெரும்பங்கு மலையகத்தின் மண்சரிவுகளில். அதற்குப் பிறகு எந்த மேடையிலும் ஒரே வாதம்தான்: மலையில் கட்டடம் கட்டுவதற்கு நம்மிடம் இருப்பது நல்ல சட்டம், அமுல்படுத்தத்தான் ஆளில்லை. படித்தவர்களும் இதைச் சொல்லித் தலையாட்டுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை.

வாழைச்சேனைக்காரனுக்கு மலையைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்கலாம். எங்கள் பக்கம் ஓட்டமாவடிப் பாலத்தை விட்டால் ஏறி இறங்க மேடேது! ஆனால் மலையில் கொட்டிய மழை மகாவலியில் இறங்கினால் மன்னம்பிட்டியில் பாதை மூழ்கும், எங்கள் பஸ் நிற்கும். கொழும்பில் போட்ட கோடு ஊருக்குள் வந்தால் என்ன செய்யும் என்பதும் எங்களுக்குப் பழக்கம். சுனாமிக்குப் பின் தெற்கில் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் என்று கரையில் வீடு கட்டத் தடை போட்டார்கள். தோணிக்காரன் எழும்ப வேண்டும், சுற்றுலா விடுதிக்கு விலக்கு. அந்தக் கோடு பிறகு தளர்ந்தது. பாசிக்குடாக் கரையில் இன்று ஹோட்டல்கள் வரிசையாக நிற்கின்றன.

மலைச் சட்டத்தின் நன்மையை மறுக்கவில்லை. மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டடம் எழுப்புவதற்கு முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரை வேண்டும். அது கிடைத்த பிறகே பிரதேச சபை அனுமதி தரலாம். சரிவின் கோணம், மழைநீர் போகும் வழி, தாங்குசுவர் எல்லாம் பார்க்கிறார்கள். மழை எச்சரிக்கையும் ஒழுங்கானது: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் கவனம், 100 என்றால் ஆயத்தம், 150 என்றால் வெளியேற்றம். கண்டியில் மலையை வெட்டி ஐந்து மாடி எழுப்ப நினைப்பவரை இந்தச் சட்டம் கொஞ்சமாவது யோசிக்க வைக்கும்.

ஆனால் இது விண்ணப்பம் போடுகிறவரை மட்டுமே பார்க்கிற சட்டம். விண்ணப்பத்தோடு காணி உறுதியும் நில அளவைப் படமும் இணைக்க வேண்டும். தோட்டத்து வரிசைவீடான லயத்தில் பிறந்து, லயத்தில் பிள்ளை பெற்று, அங்கேயே கண்மூடும் ஒரு தோட்டத் தொழிலாளி எந்த உறுதியை இணைப்பார்? அந்த லயத்தை அவர் கட்டவில்லை. தேயிலைக்குத் தோதான நிலத்தைத் தேயிலைக்கு வைத்துக்கொண்டு, மிஞ்சிய சரிவை வெட்டிச் சமப்படுத்தி வெள்ளைக்காரத் துரைமார் கட்டியது அது. எழுபதுகளில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. லயத்தின் முதுகுக்கு வெட்டிய மண்சுவர் அப்படியே இருந்தது. அந்தச் சுவருக்கும் லயத்துக்கும் நடுவே ஓடும் கான் அடைத்துக்கொண்டால் துப்புரவாக்குவது யார் பொறுப்பு? மேலேயுள்ள கைவிட்ட தேயிலைமலையில் வடிகான்களைப் பராமரிப்பது யார்? அனுமதிப் பத்திரத்தில் இந்தக் கேள்விகளுக்குக் கட்டமே இல்லை. குடும்பம் பெருத்து, பின்பக்கம் தகரம் போட்டு ஒரு குசினி இறக்கினால் மட்டும் ‘அனுமதியற்ற கட்டடம்’ என்ற பேர் உடனே வந்துவிடும்.

இது தற்செயலான விடுபடலும் அல்ல. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபையின் பணம் போகாதபடி தடுத்து வைத்திருந்தது. 2018இல்தான் அதைத் திருத்தினார்கள். முப்பது வருடமாகத் தன் எல்லைக்குள் இருந்த மனிதருக்கு ஒரு பாதைகூடப் போட முடியாத சபை, அவருடைய சரிவைக் கண்காணிக்கும் என்று நம்பச் சொல்கிறார்கள்.

கொஸ்லந்த மீரியபெத்தைத் தோட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2005இலும் 2011இலும் அங்கே எச்சரித்தார்கள். விஞ்ஞானம் தன் வேலையைச் செய்தது. 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை இறங்கியபோதும் மக்கள் அதே லயங்களில்தான் இருந்தார்கள். எத்தனை பேர் மண்ணுக்குள் போனார்கள் என்ற கணக்கே நாட்கணக்கில் மாறிக்கொண்டிருந்தது. ‘சொன்னோம், அவர்கள் போகவில்லை’ என்று பிறகு பேசியவர்களைக் கேட்கிறேன்: எங்கே போவது? போய்க் குடியேற ஒரு பேர்ச் காணியையும் சேர்த்துக் கொடுக்காத எச்சரிக்கை, கொடுத்தவரைத்தான் காப்பாற்றும். அது கோவைக்குள் பத்திரமாக இருந்து, விசாரணை வரும்போது வெளியே வரும்.

இதற்கு வழியே இல்லை என்பதும் பொய். 1972 ஜூனில் ஹொங்கொங்கில் ஒரே நாளில் இரண்டு இடங்களில் மலை சரிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1976இல் மறுபடியும் சரிந்தது. அடுத்த ஆண்டே அங்கே சரிவுகளுக்கென்று தனி அலுவலகம் வந்தது. புதிய கட்டடங்களோடு அது நிற்கவில்லை. ஏற்கெனவே வெட்டிய சரிவுகளையும் ஒவ்வொன்றாகப் பதிந்து இலக்கமிட்டார்கள். எந்தச் சரிவைப் பராமரிக்கும் பொறுப்பு யாருடையது என்று எழுதி வைத்தார்கள். தனியார் சரிவு ஆபத்தானால் திருத்தச் சொல்லிக் கட்டளை சொந்தக்காரருக்குப் போகும், குடியிருப்பவருக்கல்ல. பணக்கார நகரம், நம்மால் முடியுமா என்பார்கள். தாங்குசுவர் கட்டப் பணம் வேண்டும்தான். ஒரு சரிவுக்கு நேரே ஒரு பெயரை எழுத எவ்வளவு வேண்டும்?

இங்கே பெயர் எழுதவும் சிரமமில்லை. காணி அரசுடையது, குத்தகை கம்பனியுடையது, இரண்டுக்கும் ஒப்பந்தம் இருக்கிறது. இல்லாதது அந்த ஒப்பந்தத்தைச் சரிவோடு சேர்த்து வாசிக்கும் மனசு. டித்வாவுக்குப் பிறகும் ‘மலையில் கட்டாதே’ என்ற கூச்சல்தான் பெரிதாகக் கேட்கிறது. கட்டாதவர்கள்தானே லயங்களில் செத்தார்கள்.

கட்டட அனுமதியை இன்னும் இறுக்குங்கள், எனக்கு மறுப்பில்லை. ஆனால் லயத்துக்குப் பின்னால் நிற்கும் ஒரு சரிவைத் திருத்தச் சொல்லி, திகதியும் தண்டப்பணமும் குறித்து, ஒரு தோட்டக் கம்பனிக்குக் கட்டளை போகட்டும். அன்றைக்கு இந்தச் சட்டத்தைப் பாராட்டி நானே எழுதுகிறேன்.